கடல் இல்லாத நாடு

"கடலே இல்லாத நாடா ஏதாவது பாரு."

வளைகுடா ஊரான ரூவியில் பஸ் கிளம்பியதும் என் முன் சீட்டுக்காரர் தன் மனைவியிடம் சொன்னார். பெருநாள் லீவோடு வெள்ளி, சனியும் சேர்ந்து வருவதால் ஐரோப்பா போய்வர ஆசைப்பட்டு, அவள் போனில் மால்டா தீவின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"போட்டுல வேலை பாத்துக் கடலே அலுத்துப்போச்சாக்கும்?"

"அலுப்பு இல்ல. போன மாசம் காத்துல எங்க போட் கவுந்திருச்சு. நீ பயப்படுவேன்னு சொல்லல. இன்னொரு போட் வந்து தூக்குற வரைக்கும் தண்ணியிலதான் கிடந்தோம். எல்லாரும் பொழச்சிட்டோம். ஆனா கண்ணை மூடினா இன்னும் சுத்தித் தண்ணிதான் தெரியுது."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதானா? டூர்னு பேச்செடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. என்கூட வரப் பிடிக்கலையோன்னு நான் என்னென்னமோ நெனச்சுட்டேங்க."

"அட லூசு, உன்கூட எங்க வேணாலும் வருவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி போனை எடுத்துத் தேடினாள்.

"அப்ப மால்டா கலாஸ், அதை விட்டுருவோம். லக்சம்பர்க் போவோம், அங்க கடல் மாஃபி, கிடையவே கிடையாது. ஆனா ஊருக்குள்ள ஆறு ஓடுதாம். பரவாயில்லையா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஆறுன்னா பரவாயில்ல. அக்கரை தெரியுமே."