நாற்பத்தோராவது கை

அந்த நாற்காலி வேண்டாம், தம்பி. ஒரு கால் ஆடும். ஜன்னல் பக்கம் உட்காருங்கள், எழுதுவதற்கு வெளிச்சம் இருக்கும். எனக்கு மறைக்கத் தெரியாது. மூன்று வருடமாக யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

கட்சிக்குள் நான் வந்தது வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க. பிறகு வட்டச் செயலாளர், சட்டமன்ற உறுப்பினர், கொறடா. கொறடா வேலை பெரிதாக ஒன்றுமில்லை. வாக்கெடுப்பு அன்று நம் ஆட்களை உள்ளே உட்கார வைத்து, எண்ணி முடிகிறவரை ஒருவரையும் எழுந்து போகவிடாமல் பார்த்துக்கொள்வது. கூட்டத்தில் பிள்ளைகளைத் தொலைத்துவிடாமல் எண்ணிக்கொண்டே நடக்கிற தாய் மாதிரி.

சின்னவன் என் கொழுந்தன். அவனைத் தேர்தலில் நிற்க வைத்தது நான்தான். "எனக்குப் பேச வராது அண்ணி" என்றான். "பேச வேணாம்டா. நான் சொல்றப்ப கையைத் தூக்கு, போதும்" என்றேன். எட்டு வருடம் அப்படியே செய்தான். "அண்ணி இருமினாக்கூட இவன் கையைத் தூக்கிடுவான்" என்று கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. எங்கள் பக்கம் நாற்பத்தொன்று, அவர்கள் பக்கம் நாற்பது. ஒன்று குறைந்து சமமானாலும் அரசு விழும். கட்சித் தலைவர் காலையிலேயே கூப்பிட்டார். "இதைத் தாண்டிட்டா துணைத்தலைவர் பதவி உங்களுக்குத்தாம்மா. இல்லேன்னா எல்லாரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

மணி அடித்ததும் அவைக் கதவைப் பூட்டிவிடுவார்கள். யாருக்காவது முடியவில்லை என்று கொறடா சீட்டு எழுதிக் கொடுத்தால் திறப்பார்கள். ஆனால் வெளியே போனவரை எண்ணமாட்டார்கள். உள்ளேயே இருந்து, கையைத் தூக்க முடியாதவர் என்றால், கொறடா பிடித்துத் தூக்கிக் காட்டலாம். விதியிலேயே இருக்கிறது. நான் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

பூட்டிய பிறகுதான் கடைசி வரிசையிலிருந்து சின்னவன் என்னைப் பார்த்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நெஞ்சை அடைக்குது அண்ணி. வெளிய போயிடலாமா?"

"இன்னும் நாலு வரிசைதான்டா. கண்ணை மூடிக்கோ."

"டாக்டர் வெளியதானே இருக்காரு?"

"இருக்காரு. எங்கயும் போயிட மாட்டாரு."

அது பொய் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். சீட்டுப் புத்தகம் என் மடியில் இருந்தது. பேனா மூடியைக்கூடத் திறந்தேன். எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர் திரும்பிப் பார்த்தார்; தூங்குகிறான் என்று சைகை காட்டினேன். என் கைக்குட்டையால் அவன் நெற்றியைத் துடைத்தேன். அந்த இடத்தில் என்னால் வேறென்ன செய்ய முடியும்? பேனாவை மூடிவிட்டேன். மை காய்ந்துவிடும் இல்லையா.

முதலில் என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தான். முன்வரிசையை எண்ணும்போது பிடி தளர்ந்தது. கைகளை எண்ணிக்கொண்டே அவை எழுத்தர் எங்களிடம் வந்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். கனத்தது. எழுத்தர் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. நாற்பத்தொன்று என்று எழுதினார். இதை உங்களிடம் வந்து சொன்னது அவர்தானே? பாவம், இத்தனை நாள் மனசில் வைத்துக்கொண்டு தவித்திருப்பார்.

கதவு திறந்ததும் அழுதேன். அதை நடிப்பு என்று எழுதாதீர்கள். மறுவாரம் துணைத்தலைவர். இந்த வருடம் தலைவர். அவன் மனைவி இன்றைக்கும் எனக்குத்தான் முதலில் தட்டு வைக்கிறாள். "கடைசி வரைக்கும் நீங்க பக்கத்துல இருந்தீங்களேக்கா, அது போதும்" என்கிறாள்.

உயிர் இருந்தபோது கதவைத் திறக்கச் சொல்லவில்லை. போன பிறகு கையைத் தூக்கினேன். இரண்டும் நான்தான், தெரிந்துதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், தம்பி. அவனைக் கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை. அன்றும் காதருகில் குனிந்து, "தூக்கட்டுமாடா?" என்று கேட்டேன்.

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.