ஒடுங்கின கோலும் அகண்ட கோலும்

...சங்கத்தக் கலச்சது ஜில்லாக்காரவுக, தம்பி! ஊரு பூராம் என் தலையில போடுது. செத்தத் தள்ளி உக்காருங்க. எங்க, சிவகங்கைக்கா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போகலாம்.

முத்துராமலிங்கம்னா யாரு? செட்டிநாட்டு வட்டாரக் கால்பந்தாட்டச் சங்கத்துக் காரியதரிசி! தலைவரு மெய்யநாதன் செட்டியாரு கோப்பையக் குடுக்க மட்டும் வருவாரு. மாலையக் கண்டா கழுத்து தானா நீளும்... அது கெடக்கட்டும். கோடு போடுறது, கம்பு நடுறது, பந்துக்குக் காத்தடிக்கிறது, எல்லாம் நான்தேன்! ஆட்டம் பாக்க எங்க நேரம்? பந்தியப் பாக்கவே பொழுது போயிரும்.

எழுபத்தொண்ணுல பைனலு. எங்க காரைக்குடியும் வலையபட்டியும். வருசா வருசம் அவுகதான் கோப்பையத் தூக்கிட்டுப் போறாக. பொறுக்குமா? மலையாண்டி ஆசாரியக் கூப்புட்டேன். 'ஆசாரி, மேக்க நம்ம பயலுக காக்குற கோல ஒடுக்கி நடும். கெழக்க அவுக கோல அகட்டி நடும்'னேன். சங்கத்து நன்மைக்குத்தான் தம்பி, சிரிக்காதீக!

மொதப் பாதியில நமக்கு மூணு கோலு! அவுக அடிச்சது பூராம் கம்புல பட்டுத் தெறிக்குது. ஆகான்னு இருந்தேன். ரெப்ரி விசிலு ஊதுனாரு. இடைவேளை முடிஞ்சு நம்ம பயலுக கெழக்க போறாக, அவுக மேக்க வாராக! 'எலேய், உங்க கோலு அங்குட்டுடா!'ன்னு மைதானத்துக்குள்ள ஓடுறேன். 'காரியதரிசி, பாதி ஆட்டத்துல பக்கம் மாறணும், ஒலகம் பூராம் அதுதான் சட்டம்'ங்கிறாரு ரெப்ரி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா?

அஞ்சு கோலு வாங்கித் தோத்தோம். அதோட விட்டாகளா? நான் கத்துன கத்துல சந்தேகப்பட்டு, வலையபட்டிக் கேப்டன் சின்னக்கருப்பு தலத்துண்ட அவுத்து ரெண்டு கோலையும் அளந்துட்டான்! ஜெயிச்ச பயலுக்கு எதுக்குய்யா அளவு? கூட்டம் சிரிச்ச சிரிப்புல செட்டியாரு கோப்பைய அப்புடியே வச்சிட்டுக் காருல ஏறிட்டாரு. ஜில்லாச் சங்கத்துக்காரவுக வந்தாக. 'இனி எல்லாரும் எங்க சங்கத்துல சேருங்க, இது வேணாம்'னு ஒரே பேச்சுல கலச்சுட்டாக.

தப்பு யாரு மேல? ஆசாரி மேல! இடைவேளையில கம்பப் புடுங்கி மாத்தி நட்டுருக்கலாம்ல?

என்ன எந்திரிச்சிட்டீக? இது பிள்ளையார்பட்டி, தம்பி! சிவகங்கை இன்னும் கெடக்கு... சாமி கும்புடவா? திடீர்னா? தம்பி! தம்பீ...

யோவ் கண்டக்டரு, செத்த நிறுத்துய்யா, நானும் எறங்கணும்! புதுசா வாலிபால் சங்கம் ஆரம்பிச்சிருக்கேன், அந்தத் தம்பிகிட்டச் சொல்லவே இல்ல. நம்ம பயலுக நிக்கிற பக்கத்துத் தரைய மட்டும் மேடாக்கச் சொல்லியிருக்கேன். நடுவுல வலை இருக்குல்ல, எப்புடி மாறுவாக?