சாந்திபுரத்துக் குழந்தைகளும் அம்மையார் கேட்ட கேள்வியும்

அன்பால் எங்களை ஆண்டவரே, அளந்து பேசி அறிந்து செயல்பட்டவரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் ஊட்டச்சத்துப் பிரிவின் மேற்பார்வையாளராய் மிளிர்ந்த அலர்மேல்மங்கை அம்மையாரே, வணக்கம்! உங்கள் பணி நிறைவுக்காக எழுதிய இம்மடல் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டப்படும். உங்களைக் கண்டிராதவர்களும் நாளை படிப்பார்கள். ஆகவே உங்களை எதிரில் இருத்திக்கொண்டே, உங்கள் கதையை அவர்களுக்குச் சொல்கிறோம்.

நகரி நெசவாளர் வீட்டில் பிறந்து, சித்தூரில் பணியேற்றவர் அம்மையார். குப்பம் முதல் காளஹஸ்தி வரை அவர் கால் படாத அங்கன்வாடி இல்லை. எடை குறைந்த குழந்தையைக் கண்டால் ஆயாக்களைக் கடிந்துகொள்ள மாட்டார். நேற்று அது என்ன சாப்பிட்டது என்று கேட்பார். விடை வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், பெரிய பிஸ்கட் கம்பெனி ஒன்று ஓர் ஆய்வறிக்கையோடு வந்தது. அங்கன்வாடிகளில் முட்டையை நிறுத்திவிட்டுத் தன் சத்து பிஸ்கட்டைக் கொடுக்கலாம் என்பது அதன் யோசனை. சாந்திபுரத்தில் மூன்று மாதம் பிஸ்கட் தின்ற அறுபது குழந்தைகளுக்கு, தின்னாதவர்களைவிட எடை நன்றாக ஏறியதாம். இதை ஆராய அமைத்த பரிந்துரைக் குழுவின் தலைவர் மருத்துவர் சுரேஷ்பாபு, எழுதித் தயாராக இருந்த பரிந்துரையைக் குழு உறுப்பினரான அம்மையாரிடம் நீட்டினார்.

"கம்பெனிக்காரங்களே நீட்டா எழுதிக் குடுத்துட்டாங்க மேடம். நீங்க ஒரு சைன் போட்டா முடிஞ்சுது."

"போட்றேன் சார். பிஸ்கட்டோட அந்தப் பசங்க வேற என்ன துன்னுச்சுங்கன்னு இதுல இல்லியே?"

"அது எதுக்கு இப்ப?"

"தெரிஞ்சிக்கலாம்னுதான்."

மருத்துவர் நல்லவர், பல குழந்தைகளைப் பிழைக்க வைத்தவர். அவர்மேல் அம்மையாருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கேள்வி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. கையெழுத்தைத் தள்ளிவைத்துவிட்டு, சனிக்கிழமை குப்பம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து சாந்திபுரம் போய்ச் சேர்ந்தார். அங்கன்வாடி ஊழியர் கன்னியம்மாள் பருப்பு கடைந்துகொண்டிருந்தார்.

"பிஸ்கட் குடுத்தப்ப முட்டைய நிறுத்திட்டீங்களா?"

"எங்க நிறுத்தனோம் மேடம்? அந்த அறுபது பசங்களுக்கு முட்டையோட தினம் ஒரு டம்ளர் பாலும் குடுத்துக்கினு இருந்தோம். பாலும் பிஸ்கட் கம்பெனி வண்டியிலயே வந்துச்சு."

"மத்த பசங்களுக்கு?"

"அதுங்களுக்கு முட்டை மட்டுந்தான், பாலு இல்ல. ஏன்னு நானும் கேட்டேன். யாரும் சொல்லல."

அடுத்த வாரம் திருப்பதி ஓட்டல் ஒன்றில் குழு கூடியது. கம்பெனிப் பிரதிநிதி வண்ண வண்ணமாய்ப் படங்கள் காட்டினார். மேலதிகாரிகள் நிறைந்த அந்த அறையில், நாங்கள் அருகிலிருக்க, அம்மையார் எழுந்தார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கன்னியம்மாள் சொன்னதைச் சொன்னார், பிறகு கேட்டார்.

"முட்டை, பாலு, பிஸ்கட்டு, மூணும் துன்ன பசங்க எடை ஏறினா, எது ஏத்திச்சுன்னு எப்படி சார் தெரியும்?"

மருத்துவர் அறிக்கையைப் புரட்டினார்; பாலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பின்பு தாழ்ந்த குரலில், "இதை நான் கேட்டிருக்கணும்" என்று சொல்லித் தம் பெயரிட்ட பரிந்துரைத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பாலில்லாமல், வெளியார் மேற்பார்வையில், ஆய்வை மறுபடி செய்யுமாறு குழு கேட்டது. கம்பெனி அதன்பின் வரவில்லை. அங்கன்வாடிகளில் முட்டை தொடர்ந்தது, ஆனால் அம்மையாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. புத்தூருக்கு மாற்றல் வந்தது. அங்கும் போய்க் குழந்தைகளை எடைபோட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நேற்று இம்மடலின் முதல் படியை அவரிடம் காட்டினோம். "கம்பெனியை எதிர்த்து வென்ற வீரப்பெண்மணி" என்று எழுதியிருந்தோம். பேனா வாங்கி அந்த வரியை அடித்தார்.

"எதிர்த்தேன்னு எழுதாதீங்க. கேட்டேன்னு எழுதுங்க. அந்த பிஸ்கட்டால நெஜமா எடை ஏறுமா ஏறாதான்னு எனக்கு இன்னும் தெரியாது. ஒருவேளை ஏறும். யாருமே பாக்கலியே. கன்னியம்மாகிட்ட பேசிக்கினு இருக்கேன், ரிட்டயர் ஆனதும் பாலு இல்லாம பிஸ்கட் குடுத்துப் பாக்கலாம்னு."

அவர் திருத்தியபடியே எழுதியுள்ளோம். கேட்டார்.

அம்மையாரே, நோயின்றி, நடை தளராது, நூறாண்டு நலமுடன் நீங்கள் வாழ்க! சாந்திபுரத்தில் கிடைக்கும் விடை எதுவாயினும், எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புக.

அன்பும் மதிப்பும் மாறாத,
ஊட்டச்சத்துப் பிரிவின் தமிழறிந்த ஊழியர்கள்,
சித்தூர் – திருப்பதி