இருவரும் ஒருவரே

காது கேட்காதவர்களோடு வாழ்வது ஒன்றும் சிரமமில்லை, அய்யா. கத்தக் கூடாது, அவ்வளவுதான். கத்தினால் திட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள். எதிரே உட்கார்ந்து, வாய் அசைவது தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னால் போதும். என் மதினி சங்கிலியம்மாளுக்கு எல்லாவற்றையும் நான் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

என் பெயர் சுப்புத்தாய். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணமான மறு வருசமே வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் சொல்ல ஒன்றுமில்லை. என் அண்ணன் ராக்கையா மலேசியாவில், ஈப்போவில் மெக்கானிக் கடை வைத்திருந்தார். மகன் சுயம்புலிங்கத்தைப் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே கூப்பிட்டுக்கொண்டார். மதினி போகவில்லை. விமானம் என்றால் பயம். அண்ணன் அங்கேயே இறந்துபோனார். அவர் பெயரில் ஈப்போவில் ஒரு வீடு மிஞ்சியது. இங்கே அல்லிநகரத்தில் ஒரு வாடகை வீட்டில் மதினியும் நானும் மிஞ்சினோம்.

சுயம்பு ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான். பட்டன் போன், அதுவும் என்னிடம்தான் இருக்கும். "சாப்பிட்டியான்னு கேளு ஆத்தா" என்பார் மதினி. "சாப்பிட்டேன்னு சொல்லுங்க அத்தை" என்பான் அவன். தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வதெல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும். அந்தக் கொஞ்ச நேரம் வீடு நிறைய ஆட்கள் இருப்பது மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான்: "ஈப்போ வீட்ட விக்கப் போறேன் அத்தை. வித்துட்டு வந்து கோயம்புத்தூர்ல ஒரு வீடு வாங்கி, அம்மாவ என்கூட வச்சுக்கிறேன்."

"அப்ப நான்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க எப்ப வேணாலும் வந்துட்டுப் போகலாம் அத்தை."

நல்ல மனசோடுதான் சொன்னான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது விருந்தாளிக்குச் சொல்கிற வார்த்தை. மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றான்?" என்றார். "அங்கன நல்ல மழையாம்" என்றேன்.

வீடு அண்ணன் பெயரில் இருந்ததால் மதினிக்கும் அதில் பங்கு உண்டு. விற்க வேண்டுமானால் அவர் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்து, நோட்டரியிடம் சான்று வாங்கி, அரசு முத்திரை, தூதரக முத்திரை என்று ஒவ்வொன்றாகப் போட்டு அனுப்ப வேண்டும். கூடவே வாரிசுச் சான்று, திருமணச் சான்று. எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும். மதினி பெயர் ரேஷன் கார்டில் சங்கிலி, ஆதாரில் சங்கிலியம்மாள். 'இருவரும் ஒருவரே' என்று ஒரு சான்று வாங்கினால் தீர்ந்துபோகிற விஷயம். அதை நான் வாங்கவில்லை. மனுவில் ஒரு தடவை பெயரை மாற்றி எழுதினேன், அடுத்த தடவை இனிஷியலை. மனு திரும்பி வரும். "ஆபீஸ்ல இழுத்தடிக்கிறாக சுயம்பு" என்பேன். ஆபீஸ் மேல் பழியைப் போட்டால் யாரும் சந்தேகப்படுவதில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

"நானே வந்து முடிச்சுக்கிறேன் அத்தை" என்று அவன் டிக்கெட் போட்ட பிறகுதான் கொரோனா வந்து விமானமெல்லாம் நின்றது. அவனுக்கு வருத்தம். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாம் அலையில் பாண்டியம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்துகொண்டு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவள். ஒரே மகள், மலைமேல் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. பாண்டியம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் கட்டில் போட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆதார் கேட்டார்கள். அவளிடம் இல்லை. சான்றுகளுக்காக எடுத்து வைத்திருந்த மதினியின் ஆதார் என் பையில் இருந்தது. வயது ஏறக்குறைய ஒன்றுதான். முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் கொடுத்தேன், அய்யா. அந்த நிமிசத்தில் மனசில் வேறெதுவும் இல்லை.

அவள் பிழைக்கவில்லை. அவர்களே சுற்றிக் கட்டி எடுத்துப்போய் எரித்துவிட்டார்கள். பிறகு இறப்புச் சான்று வந்தது. சங்கிலியம்மாள், கணவர் பெயர் ராக்கையா. நான் அலைந்து வாங்கிய காகிதங்களிலேயே அது ஒன்றில்தான் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

போய்த் திருத்தச் சொல்லியிருக்கலாம். நான் அதை ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து ஈப்போவுக்கு அனுப்பினேன்.

அவன் அழுது அதுவரை நான் கேட்டதில்லை. "அம்மா கடைசியா என்ன சொன்னாக அத்தை?"

"நீ சாப்பிட்டியான்னு கேட்டாக" என்றேன். அது பொய்யில்லை. அன்று காலையிலும் கேட்டார்.

அதற்குப் பிறகு அவனுக்குப் பவர் தேவைப்படவில்லை. ஒரே வாரிசு அவன்தான் என்றாகிவிட்டது. வீடு விற்றுப்போனது. கோயம்புத்தூர்ப் பேச்சை அவன் எடுக்கவேயில்லை. தாய் இல்லாத ஊரில் அவனுக்கு என்ன இருக்கிறது? அங்கேயே ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான்.

மதினிதான் ஞாயிற்றுக்கிழமையானால் போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். "இன்னைக்கும் பேசலையா?" அவனை வேறு கிழமையில், நான் கடைக்குப் போகிற நேரத்தில் பேசச் சொல்லியிருந்தேன். எத்தனை வாரம் மழை என்று சொல்வது? ஒருநாள் எதிரே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, சுயம்பு கொரோனாவில் போய்விட்டான் என்று நிதானமாகச் சொன்னேன். என் வாயையே பார்த்தார். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன்.

ஆடி அமாவாசைக்குச் சுருளிக்குக் கூட்டிப்போவேன். அருவித் தண்ணீரில் நின்று மகனுக்காக எள்ளும் தண்ணீரும் விடுவார். அதே காலையில் ஈப்போ கோயிலிலிருந்து சுயம்பு பேசுவான். "அம்மாவுக்குத் திதி குடுத்துட்டேன் அத்தை." பஸ் நிறுத்துகிற பக்கம் தள்ளி நின்று கேட்டுக்கொள்வேன். இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பாண்டியம்மாளின் மகள் இரண்டு தடவை மலையிலிருந்து இறங்கி வந்து விசாரித்தாள். "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா ஆத்தா, வேலை தேடி வெளியூருக்குத்தான் போயிருக்கணும்" என்றேன். இரண்டு தடவையும் அவளுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்பினேன்.

போன மாதம் சுயம்பு சொல்லாமல் வந்து நின்றான். நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வாசலில் பெட்டி இருந்தது. கதவைத் திறந்துவிட்ட மதினி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கால் இருக்கிறதா என்று அவன் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னான்: "நீங்க தனியா இருக்கீகளேன்னு உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன் அத்தை."

அன்றைக்கே தாயைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜுக்குப் போய்விட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. அங்கே அழைத்துப்போக மதினிக்குப் பாஸ்போர்ட் வேண்டும். செத்துப்போனவருக்குக் கொடுக்க மாட்டார்கள். அந்தச் சான்றை ரத்து செய்ய என் வாக்குமூலம் வேண்டும் என்று உங்கள் ஆபீசில் சொன்னார்களாம். அதற்காகத்தான் வந்தேன். வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேச வாயைத் திறந்தால் மதினி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எழுதிக்கொள்ளுங்கள். இறந்தது பாண்டியம்மாள். சங்கிலியம்மாள் உயிரோடு இருக்கிறார். எல்லாம் நானே செய்தது, யாரும் தூண்டவில்லை. பாண்டியம்மாள் மகளின் விலாசம் தருகிறேன், அவளுக்கும் ஒரு சான்று போகட்டும்.

இன்னும் ஒன்று, அய்யா. இந்த நாலு வருசத்தில் மதினியை நான் ஒரு நாள்கூடத் தனியாக விட்டதில்லை. அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.