மான்-சிக் வாத்தியாரின் முதல் திதி

இரவு பதினொன்றரை. யோங்தொக் கடலோரப் பாதை... ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர். எதிரே ஒரு வண்டி கிடையாது. என் நண்பன் சங்-வூவின் அத்தை மகன் கி-தே காரை விரட்டிக்கொண்டு வந்தான். இப்போதுதான் சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால் எழுந்து போய்விடுங்கள். சொல்கிற எனக்கே குமட்டுகிற கதை இது.

அன்று கி-தேவின் அப்பா மான்-சிக்குக்கு முதல் திதி. ஊருக்கே மல்யுத்த வாத்தியார்; சிரித்தால் கடைவாயில் தங்கப்பல் மின்னும். பெண்டாட்டி, பிள்ளை என்றால் உயிரை விடுவார். அப்படிப்பட்டவர் தொண்டையில் புற்று வந்து, நாற்பது நாள் ஒரு பருக்கை இறங்காமல் பட்டினியாகச் செத்தார். இன்றைக்காவது அப்பா வயிறாரச் சாப்பிட வேண்டும்... கி-தேவுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

பக்கத்தில் போங்-கு. வாத்தியார் எடுத்து வளர்த்த அனாதை. இப்போது கறிக்கடைக்காரன்.

"லேட்டாயிடுச்சேண்ணே. அப்பா கோச்சுக்கப் போறார்" என்றான் கி-தே.

"வாத்தியாரா? நம்ம மேலயா? போடா டேய்!" என்றான் போங்-கு.

வீட்டில் அம்மா படையலை வைத்துக் காத்திருந்தாள். மீன், கறி, பேரிக்காய். விழுந்து கும்பிட்டார்கள். செத்தவர் எடுத்துச் சாப்பிடச் சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினார்கள். செத்தவர் ஒன்பது வாய் உண்ணும் நேரம் யாரும் பார்க்கக் கூடாது. மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

உள்ளே சத்தமில்லை...

சத்தம் கொல்லையிலிருந்து வந்தது. சளக்... சளக்... உர்ர்ர். கூடவே நாற்றம். புளித்த கஞ்சி, அழுகிய மீன் குடல். பன்றிக்காரனுக்காக அங்கே கழுநீர்த் தொட்டி வைத்திருந்தார்கள்.

நேரமானதும் அம்மா கதவைத் திறந்தாள். சோறு குத்திய கரண்டியோடு அப்படியே இருந்தது. படையலில் வைத்த வாத்தியார் படத்துக்குப் பின்னால் மூன்று பீச் பழங்கள்.

"அடப்பாவி! எவன் வெச்சான் இத? பீச் இருந்தா செத்தவங்க வாசப்படி தாண்ட மாட்டாங்களே!"

போங்-கு விழித்தான். "அவருக்குப் புடிக்குமேன்னுதான்மா... நான் யாருக்குத் திதி குடுத்தேன்? எனக்கென்ன தெரியும்?"

கி-தே பழங்களை அள்ளி ஜன்னல் வழியே எறிந்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினான்.

சவத்துக்குக் கட்டிய சணல் துணியோடு அவர் குந்தியிருந்தார். தலை தொட்டிக்குள் இருந்தது. பசி, ஐயா, பசி! அப்பேர்ப்பட்ட மனிதரை இந்தக் கோலத்திலா பார்க்க வேண்டும்!

"அப்பா... உள்ள வாங்கப்பா. பழத்த எடுத்தாச்சு."

தலை நிமிர்ந்தது. தாடையில் குடல் தொங்கியது. அவர் எழவில்லை. தொட்டியில் ஒரு கை அள்ளினார். வாயில் போட்டு மெதுவாக மென்றார், பால்குடி மறந்த குழந்தைக்கு மென்று கொடுப்போமே அப்படி. பிறகு அதை உள்ளங்கையில் துப்பி நீட்டினார்.

"சாப்டியாப்பா?"

கி-தே ஓரடி பின்வாங்கினான். த்தூ, யார்தான் பின்வாங்க மாட்டார்கள்? ஆனால் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. அப்பா கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது? கண்ணை இறுக மூடி வாயைத் திறந்தான். ஜில்லென்று, வழவழவென்று உள்ளே போனது...

கண் திறந்தபோது யாருமில்லை. உள்ளே சோறு தொடப்படாமலே ஆறிக்கிடந்தது.

குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தான். கொப்பளித்தான், கொப்பளித்தான், கொப்பளித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் குழாய்த் தொட்டியில் ஏதோ 'டிங்' என்று விழுந்தது.

தங்கம் கட்டிய கடைவாய்ப் பல்.

நாக்கால் துழாவிப் பார்த்தான். அவனுடைய பற்கள் ஒன்றுகூடக் குறையவில்லை.