மல்லி வாசனை ஒயின்

வெள்ளை ஒயின் வெள்ளையாக இருக்காது சார். எலுமிச்சை பிழிந்த தண்ணீர் நிறம். கப்பலில் வேலை செய்யும் என் மருமகன் கொடுத்துவிட்டுப் போன பாட்டில். திறந்தால் கல்மண்டபம் மார்க்கெட்டுப் பூக்கடையும் பழக்கடையும் வீட்டுக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. அது என்ன வாசனை என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதே எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எதிர்வீட்டு ஸ்டானிஸ்லாஸைத் தவிர யாரைக் கேட்பது? பயணிகள் கப்பலில் ஒயின் ஊற்றிக் கொடுத்தவன். கூடவே குடித்துக் கெட்டவன். அந்த நாட்களில் அவன் மனைவி எல்சி வீங்கிய கன்னத்தோடு என்னிடம்தான் வருவாள். நான் டீ போடுவேன், அவள் அழுவாள், மறுநாள் குழாயடியில் எனக்குப் பேச விஷயம் இருக்கும். கடைசியாக வந்தபோது காதோடு சொன்னாள்.

"குடியை நிறுத்துற மாத்திரையை அவருக்குத் தெரியாம காபில கலந்து குடுத்துகினு கீறேன்க்கா. அதுமேல குடிச்சா உசுருக்கே ஆபத்தாம். யார்கிட்டயும் சொல்லிடாத."

இரண்டு முறை குடித்துப் பார்த்தான். குடலே வெளியே வருவது போல வாந்தி. பிராந்தி இனி உடம்புக்கு ஆகாது என்று பயந்து தானே விட்டுவிட்டான். அதன்பின் எல்சி என் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. சாத்திய கதவுக்குள் இரண்டு பேரும் சிரிப்பது மட்டும் கேட்கும். ஒரு மனுஷியை இப்படி ஒதுக்கினால் அவள் என்னதான் செய்வாள்?

அன்று காலை எல்சி அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு மீன் ஏலத்துக்குப் போனாள். நான் பாட்டிலோடு போனேன்.

"வேணாம் பவுனக்கா. ஒடம்பு ஒத்துக்கல."

"பிராந்திதானே ஒத்துக்கல? ஒயினு இன்னா குடியா? கோயில்ல ஃபாதரே குடிக்கிறாரு."

எங்கள் பக்கம் ஒயினை யாரும் குடியில் சேர்ப்பதில்லை. கிறிஸ்துமஸுக்குப் பெண்களே திராட்சையை ஊறப்போட்டுக் குடிப்பார்கள்.

தம்ளரைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனான். முகமே மாறிப்போனது. மல்லி, ரோஜா, ஆரஞ்சுத் தோல், கடைசியில் கொஞ்சம் இஞ்சி என்றான். ஒரே திராட்சையில் இத்தனை வராது, பல ரகம் கலந்திருக்கிறார்கள் என்றான். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, வாசலில் துப்பினான். கப்பலில் அப்படித்தானாம். வாசனைதான் இனிப்பு, ருசி புளிப்பு என்று சிரித்தான்.

அதோடு நான் வீட்டுக்கு வந்திருக்கலாம். தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

"துப்புறதுக்கா என் மருமவன் கடல் தாண்டி எடுத்தாந்தான்?" என்று தம்ளரை நிரப்பினேன். அது காலியானதும் இன்னொரு முறை.

முகம் சிவந்து கறுத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, இன்னா ஊத்துன?"

"ஒயினுதாம்பா."

அதில் பொய் இல்லையே. வாந்தியோடு போகும் என்றுதான் நினைத்தேன். எல்சி அழுதுகொண்டு வருவாள் என்று டீக்குப் பால்கூட வாங்கி வைத்திருந்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். தெரியாது என்றேன். வழியிலேயே போய்விட்டான். என்ன செய்ய முடியும்?

இப்போது எல்சி தானே புருஷனைக் கொன்றதாக ஸ்டேஷனில் உங்களிடம் அழுகிறாள். என்னிடம் வந்து அழவில்லை, பாருங்கள். மாத்திரை விஷயம் வேறு யாருக்கும் தெரியாது என்றாளாமே. என்னிடம் சொன்னதையே மறந்துவிட்டாள். அதுதான் மனசு கேட்காமல் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். ஊரே என்னை ஓட்டைவாய் என்கிறது. எல்சி நம்பிச் சொன்ன அந்த ஒரு ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஸ்டானிஸ்லாஸிடம்கூட.