எலிப்பனி டாக்டர்

அவைத் தலைவர் பேராசிரியர் யோசுவா அவர்களே! துணைவி டாக்டர் பத்மப்ரியாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பட்டாபி அவர்களே! போனக்காட்டிலிருந்து பஸ் பிடித்து இந்தக் கிழக்கேகோட்டை மண்டபத்துக்கு வந்திருக்கும் தோட்டத் தொழிலாளர்களே! உங்கள் எல்லோருக்கும் டாக்டர் சத்தியதாஸின் வணக்கம்.

டாக்டர் பத்மப்ரியாவைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் அன்போடு பேசினார்கள். நான் பொறாமையோடு பேச வந்திருக்கிறேன். ஆமாம், பொறாமைதான்! அவர் போய்விட்டார், அது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

தோட்டத் தொழிலாளர்களிடையே எலிக்காய்ச்சலை நாங்கள் இருவரும் சேர்ந்து ஆராய்ந்தோம். அதன் அறிகுறியான கெண்டைக்கால் வலியை வேலை செய்த அலுப்பு என்று நினைத்து, நோய் முற்றிய பிறகே வருகிறார்கள் என்று கண்டவன் நான். கட்டுரை எழுதியவன் நான். பெரிய மருத்துவ இதழில் அது வெளிவந்தது. யார் படித்தார்கள்? என்னைத் தவிர யார் படித்தார்கள்? பத்மப்ரியா அதையே போனைப் பார்த்துப் பேசி முகநூலில் போட்டார்.

"எலிப்பனியாக்கும், அசட்டையா விட்டுடாதீங்கோ!" என்றார். மலையாளம் கலந்த நம் நாக்குக்குப் பனி என்றால் காய்ச்சல். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் அது மார்கழிப் பனி அல்லவா? 'எலிக்கு ஸ்வெட்டர் வாங்கியாச்சா டாக்டர்?' என்று திருநெல்வேலியிலிருந்து ஒருவர் கேட்க, கேலி தீயாகப் பரவியது. உள்ளுக்குள் மகிழ்ந்துபோன நான், மானம் போகிறது, அழித்துவிடுங்கள் என்றேன்.

"இருக்கட்டும் சாரே! கேலி பண்றவாளும் முழுசாக் கேட்டுண்டுதானே பண்றா, அல்லே?" என்று சிரித்தார்.

கேட்டார்கள், சிரித்தார்கள், பகிர்ந்தார்கள்! கீழே எங்கள் கட்டுரையின் இணைப்பையும் வைத்திருந்தார். ஓர் ஆய்வைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எவ்வளவு பேச்சு என்று காட்டும் வண்ண வளையம் ஒன்று இதழின் இணையப் பக்கத்தில் உண்டு. வெளுத்துக் கிடந்த எங்கள் வளையம் பல நிறத்தில் கொழுத்தது. டெல்லி மாநாட்டுக்கு அழைத்தார்கள். யாரை? என்னையா?

அவரோ வளையத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "நிறம் கெடக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு யார் சீக்கிரம் வரான்னு பாருங்கோ" என்றார். பின்னூட்டங்களைப் படித்து, யாருக்கு எது புரியவில்லையோ அதையே அடுத்த முறை பேசினார்.

எலிசாள் அம்மா இதோ இருக்கிறார். வலி வந்த மறுநாளே என்னிடம் வந்து, "கெண்டக்காலு வலிக்குது சாரே, எலிப்பனியான்னு பாருங்க" என்றார். அதேதான், பிழைத்தார். யாரம்மா சொன்னது என்றேன். "நம்ம எலிப்பனி டாக்டருதான், போன்ல!" அது என் ஆய்வு, அம்மா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பொறாமைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

பட்டாபி அவர்கள் பத்மப்ரியாவின் முகநூல் பக்கத்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். மரணச் செய்தியை நானே போட்டேன். ஊரே அழுதது. அத்தனை கண்ணீரையும் பார்த்தபோது, எனக்கு இப்படி யார் அழுவார்கள் என்றுதான் தோன்றியது. நடுவே ஒரு கேள்வி: "டாக்டரம்மா, கால்ல புண்ணு. மழத்தண்ணியில எறங்கலாமா?" செய்தியை அவர் பார்க்கவில்லை போலும். இறங்க வேண்டாம், இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், நான் சத்தியதாஸ் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "நன்றி டாக்டரம்மா."

பத்மப்ரியா! செத்த பிறகும் என் நன்றியை நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களே! வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அவை அறியச் சொல்கிறேன்: அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியும் பதிலின்றிக் கிடக்காது. பதில் நான் எழுதுவேன். நன்றி உங்களுக்கே வரும். நான் பொறாமைப்பட்டுக்கொண்டே அடுத்த கேள்விக்கு எழுதுவேன்.